இமைக்கும் கண்ணாடிக்கும் நடுவே

"மூக்குல அழுத்துதா பாருங்க" என்றாள் கடைப்பெண்.

மன்னார்குடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது, அக்கா. சின்னப் பவர்தான். தூரம் மட்டும் கொஞ்சம் கலங்குகிறது. நீ இருந்திருந்தால், "இதெல்லாம் ஒரு பவரா? நம்ம வீட்டுப் பூனைகூடப் போடாது" என்றிருப்பாய்.

அவள் சின்னக் குறடால் மூக்கில் உட்காரும் துண்டுகளை விரித்துவிட்டு மறுபடி மாட்டினாள். வெள்ளரி விதை அளவில், மெத்தென்று இருந்தன. "சிலிக்கான் மேடம். போட்டதே தெரியாது. அழுத்துதா?"

மேசைமேல் இருந்த நிலைக்கண்ணாடியில் என் முகம். மூக்கின் இரண்டு பக்கமும் வெறும் தோல். ஒரு தடம்கூட இல்லாத தோல். அழுத்தவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

உன் மூக்கில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. புளியங்கொட்டை போலக் கறுத்து, பளபளத்து. குளித்துவிட்டு வரும்போது மட்டும்தான் அவற்றைப் பார்க்க முடியும். அப்போது உன் முகம் வேறு யாருடைய முகமோ போலிருக்கும். நீயும் என்னைத் தாண்டி எங்கோ பார்ப்பாய். "கண்ணாடி இல்லன்னா எனக்குக் காது கேக்காதுடி, இரு, அப்பறம் பேசு" என்று கொடியில் கைவைத்துத் துழாவுவாய்.

சின்னப் பிரேம் எடுத்தால் கனம் குறையும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. சின்னப் பிரேமில் உன் கண் கடுகு மாதிரி ஆகிவிடுகிறதாம். பெரிய வட்டம், பாட்டில் அடி போன்ற சில்லு. அந்தக் கனத்தில் எந்த சிலிக்கானும் ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும்.

கொள்முதல் நிலையத்தில் நீ வேலை பார்த்த இரண்டு அறுவடைகள் நினைவுக்கு வருகின்றன. களம் முழுக்க நெல் குவியல். தூற்றும் இயந்திரத்திலிருந்து பறக்கும் தூசு. வேர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வரும். கையெல்லாம் தூசு என்பதால் தோளை உயர்த்தி, தோளால் அதை மேலே தள்ளுவாய். ஒரு நாளில் எத்தனை தரம். தள்ளும் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் உரசல். நெல்லை உள்ளங்கையில் அள்ளி முகத்தருகே கொண்டுபோவாய். வரிசையில் நிற்கும் ஆட்கள் சிரிப்பார்கள். "பாப்பா நெல்லைப் பாக்குதா, மோந்து பாக்குதா?" நீ நிமிராமல் சொல்வாய்: "மோந்தா பதர் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும் மாமா. உங்களுதுதானே இது? ஜாஸ்தி வாசம் வருது."

அந்தத் தூசுதான் உன் நுரையீரலுக்குள் போனதா என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்றும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வீட்டில் வைத்து நல்லாப் பாத்துக்கங்க என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் நான்கு பேருக்கும் தெரியும்.  காரில் நீ வழியெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். "இங்க இன்னும் நாத்தே விடல பாரேன்" என்றாய்.

கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னது நீ. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம் நாற்றங்கால், அதன் பின்னே உழுது தண்ணீர் கட்டிய வயல். அதற்கு மேல் உனக்குப் பார்க்க ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அறையில் அந்த ஆக்ஸிஜன் பெட்டியின் முனகல். மூக்கில் குழாய். மாத்திரையில் உன் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்டது. ஒருநாள் காலை நான் கண்ணாடியைக் கழற்றினேன். இடது பக்கத்துப் பள்ளத்தின் தோல் அதோடு வந்துவிட்டது.

"கழட்டியே வெச்சிடலாம்டி" என்றாள் அம்மா. "படுத்துத்தானே கெடக்கே."

 நீ கையை நீட்டினாய். கண்ணாடிக்காக.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. நுரையீரலை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மூக்கை ஏதாவது செய்யலாம். பஞ்சு வைத்தேன். அது புண்ணோடு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்திரி இன்னும் கொஞ்சம் தோலை எடுத்துக்கொண்டு வந்தது. பிறகு சித்தி மகள் கல்யாணத்துக்குத் தைத்த என் பிளவுஸிலிருந்து பேடைப் பிரித்து, அந்த ஸ்பாஞ்சை விரல் நுனி அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் நூலால் கட்டினேன். நீ அதைத் தடவிப் பார்த்தாய். எதிலிருந்து வெட்டினேன் என்று கேட்டாய். சொன்னேன்.

"அடிப்பாவி. எங்கயோ இருக்க வேண்டியத என் மூக்குல கொண்டாந்து வெச்சுட்டியேடி."

சிரித்தாய். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து உன்னைச் சிரிக்க வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். என்ன முடிவு அது.

ஸ்பாஞ்சு மட்டும் போதவில்லை. தலைக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையை உன் நெற்றியில் மாட்டி, அதிலிருந்து ஒரு நூலை இறக்கி, இரண்டு வட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் கட்டினேன். கனம் இப்போது நெற்றியில். மூக்கில் ஸ்பாஞ்சு வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தது. நெற்றிச்சுட்டி மாதிரி இருக்கிறது என்றாய்.

"அழுத்துதாக்கா?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் நான் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

புண் காய ஆரம்பித்தது. நீ மட்டும் அமைதியாகிக்கொண்டே போனாய். ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாய். நாற்று எப்படி வந்திருக்கிறது என்று கேட்பதில்லை. அப்பா வயலிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றால், அவர் பேசும்வரை யாரென்று தெரியாமல் விழித்தாய். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாய்.

"கண்ணும் போவுதுடி. எல்லாம் கலங்கலா இருக்கு. அம்மாகிட்ட சொல்லாத."

நான் நம்பினேன். வியாதி எல்லா இடத்துக்கும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். படித்ததெல்லாம் பொருந்துவதுபோல் இருந்தது. பயந்தவளுக்கு எல்லாம் பொருந்தும்.

அம்மா மாதா கோயில் சாமியாரை வரச் சொன்னாள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைக் கொடுக்க. வீடு கழுவி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஃபாதர் செபம் சொல்லி, கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு, உன் நெற்றியில் சிலுவை போடக் குனிந்தார். நெற்றியில் என் பட்டை. அதை மெல்ல மேலே தள்ளினார். நூல் அறுந்தது. பழைய நூல். ஸ்பாஞ்சும் சரிந்தது. கண்ணாடி அதன் முழுக் கனத்தோடு புண்ணின் மேல் போய் உட்கார்ந்தது.

நீ "ஸ்ஸ்" என்றாய். பிறகு ஃபாதரின் தோளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாய்.

"அப்பா! நாத்தங்கால்ல ஆடு!"

உனக்கு அவ்வளவு குரல் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபாதரின் கட்டைவிரல் அப்படியே நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். உண்மைதான். இரண்டு ஆடுகள். நம் நாற்றின் நடுவே நிதானமாக. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "ஏய், எவன்டா ஆட்ட வுட்டது!" என்ற கத்தல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க சாமி." ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்லம்மா, நாத்துதானே முக்கியம்" என்றார். மீதிச் சிலுவையைப் போட்டு முடித்தார்.

அவர் போன பிறகு நீ கண்ணாடியை விரலால் உள்ளே தள்ளினாய். வெளியே இழுத்தாய். மறுபடி உள்ளே.

"கண்ணு போகலடி. கிட்ட இருந்தா தெரியுது. தள்ளி இருந்தா கலங்குது. உன் ஸ்பாஞ்சு தள்ளி வெச்சிடுச்சு. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "நான் பாட்டுக்குக் கண்ணுக்கும் சேத்து அழுதுக்கிட்டு இருந்தேன்."

"வலிக்குமேக்கா."

"வலிக்கட்டும். எடுத்துடாத."

இந்த ஒன்றை என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை. வலியைக் குறைத்தால் வயல் போய்விடும். வயல் வேண்டுமென்றால் புண். நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று தேடினேன். அரை விரற்கடை, கால் விரற்கடை என்று ஸ்பாஞ்சை மெல்லிசாக வெட்டிக்கொண்டே போனேன். அப்படி ஓர் இடமே இல்லை. புண் ஆழமாயிற்று. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்று ஒரு சாண் வளர்ந்ததைப் பார்த்தாய். கொக்குகள் வந்து இறங்கியதைப் பார்த்தாய். எங்களுக்கும் சொன்னாய், நாங்கள் பார்க்காதவர்கள் போல.

பிறகு குழாய் போதாமல் முகமூடி வந்தது. காற்று கசியாமலிருக்க அதன் மேல்பக்கத்தில் ஒரு தகரப் பட்டை. அதை மூக்கின் மேல் அழுத்தி விட வேண்டும். புண் இருந்த அதே இடம். அதற்கு மேல் கண்ணாடியை எங்கே வைப்பது. வைத்தாலும் ஆவி படிந்துவிடுகிறது. முகத்தில் இனி இடமில்லை. நீ கையை நீட்டினாய், கண்ணாடிக்காக.

அதனால் கண்ணாடியை நானே பிடித்துக்கொண்டேன். கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் காம்புகளைப் பிடித்து, மூக்கில் படாமல், இமைமுடி கிட்டத்தட்ட சில்லைத் தொடும் அளவுக்கு. கொஞ்சம் தள்ளிப்போனால் நீ விரலை ஆட்டுவாய். கிட்ட. இன்னும் கிட்ட. சரியாக வந்தால் விரல் நின்றுவிடும். ஆவி படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி. என் கை கடுக்கும். ஆனால் எத்தனையோ நாளாக நான் தேடியது அதுதான். மூக்கில் எதுவும் அழுத்தவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்தது.

நடவு அன்று காலையிலிருந்து அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்று பறித்து முடித்து, நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நீ விரலை ஆட்டவேயில்லை. அவ்வளவு கவனம்.

அவர்களுக்குப் பதினொரு மணி டீ கொண்டுபோக வேண்டும். அப்பா மடையில் நின்றார். முறை வைத்து விடும் தண்ணீர், விட்டுவிட்டு வர முடியாது. "நீ போய்க் குடுத்துட்டு வா. நான் புடிச்சுக்கறேன்" என்றாள் அம்மா. அவளிடம் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். "மூக்குல பட்டுடப் போவுதுடி" என்றாள். "படாதும்மா, கிட்ட வை" என்றேன். டீத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி வெயிலில் பளிச்சென்றது. முகத்திலிருந்து நான்கைந்து விரற்கடை தள்ளி. உனக்கு வலித்துவிடக் கூடாது என்று அம்மா கட்டிலோரம் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையை இழுத்தே பிடித்திருந்தாள். அந்தத் தூரத்தில் உனக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். பச்சையும் வெள்ளையுமாக ஒரு கலங்கல். உன் விரல் ஆடியதா என்று அங்கிருந்து தெரியவில்லை. நான் கையைத் தூக்கி அசைத்தேன். ஒரு பெண் நிமிர்ந்து, "யாருக்கு பாப்பா டாட்டா?" என்றாள். "அக்காவுக்கு" என்றேன். அவர்களும் சேற்றுக் கையைத் தூக்கி அசைத்தார்கள்.

நான் திரும்பி வாய்க்காலைத் தாண்டும்போது அம்மாவின் சத்தம் கேட்டது.

உன்னைச் சவப்பெட்டியில் வைத்தபோது கண்ணாடி போட வேண்டும் என்று அம்மா சொன்னாள். இல்லாவிட்டால் அது நீ இல்லை. மாட்டிவிட்டு, பிறகு எடுத்தாள். ஜன்னல் திண்டில் கிடந்த என் ஸ்பாஞ்சுத் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வைத்து, அதற்கு மேல் மாட்டினாள். "புண்ணு இருக்குல்ல" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் இன்னும் சொல்கிறாள். "கடைசி வரைக்கும் என் முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தா." நான் அப்போது அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அவள் முகம் உனக்குத் தெரிந்ததா? அவளைத் தாண்டி வயலைத்தான் பார்த்தாயா? எதுவுமே தெரியாமல், கிட்ட, கிட்ட என்று விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாயா? அம்மாவிடம் கேட்கலாம். விரல் ஆடிச்சாம்மா, என்று. ஆடியது என்று அவள் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவளுக்கு என்ன இருக்கிறது. கேட்கமாட்டேன்.

இன்று கடையிலிருந்து நேராக வயலுக்குப் போனேன். நீ நடவு பார்த்த நெல்லை நேற்றுத்தான் இயந்திரம் வந்து அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதே வரப்பில் நின்று வீட்டைப் பார்த்தேன். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது அக்கா. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தெரிகிறது. உள்ளே சுவரில் மாட்டிய காலண்டர் தெரிகிறது. கட்டிலை எடுத்துவிட்ட இடம் தெரிகிறது.

மூக்கில் ஒன்றும் அழுத்தவில்லை.