நாதஸ்வரம் போட்ட கேசட்

மதுராந்தகம்,
20.12.1998

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அதிதியும் அந்த மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க நம் ஏரிகாத்த ராமர் துணையிருக்கட்டும். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் தம்பி மோகனுக்குச் சளி விட்டுவிட்டது, என் முழங்கால் மழைக்கு வழக்கம்போல் முனகுகிறது. உடம்பு வரைக்கும் குறையில்லை. மனசுதான் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மறுபடி அந்த வேன்காரன் பேச்சை எடுத்து, எங்க அம்மா மாதிரி ஊருக்குப் பத்து பேர் இருந்தால் ரோடு திருந்திவிடும் என்றாய். அதைக் காதால் கேட்க முடியவில்லை, அதனால்தான் பொய் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் என் மேல் கோபம் வந்தால் வரட்டும், முழுசாகப் படி. மோகனுக்கு வரன் தகையவில்லை என்று திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாற்றி வாங்க நாங்கள் மூவரும் காரில் கிளம்பியது உனக்குத் தெரியும். நீ ஊருக்கு வந்தபோது விட்டுப்போன வீடியோ கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், அதிதி பார்க்கட்டும் என்று வீட்டு வாசலிலிருந்தே ரோட்டைப் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். ஊர் தாண்டி ஏரி ஓரம் போகும்போது பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் எங்களை உரசுகிற மாதிரி வலது பக்கம் ஏறி வந்தது. எதிரே ஸ்கூட்டியில் வந்த பெண், நம் தபால் ஆபீஸில் வேலை செய்கிற ராஜம், பயந்து மண்ணில் இறக்கி விழுந்துவிட்டாள். அப்பா பிரேக் போட்டு நிறுத்தினார். இப்படித்தான் உனக்குச் சொன்னேன், இப்படித்தான் ஸ்டேஷனிலும் சொன்னேன். பெருமாள் சத்தியமாக இப்படித்தான் நடந்தது என்றுதான் நாங்கள் நம்பினோம்.

வேன் டிரைவர் பேர் லட்சுமணன், கருங்குழிக்காரர். அவர் இறங்கி ஓடிப்போய் முதலில் ராஜத்தைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு எங்களிடம் வந்தார். இன்னா சார், கையும் காட்டாம நடு ரோட்ல பிரேக் அட்சிட்டயே, வேன்ல பசங்க கீறாங்க சார் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். செய்வதையும் செய்துவிட்டு எங்கள் மேலேயே பழியைப் போடுகிறான் பார் என்று இறங்கிப் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். பஸ்ஸில் பீடி குடித்தவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள் நான், என் வாய் உனக்குத் தெரியாததா. அப்பா அவரைக் குடித்திருக்கிறாயா என்று கேட்டார். அந்த மனுஷன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வேனிலிருந்த பிள்ளைகளைக் கவனிக்கப் போய்விட்டார். ராஜத்துக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து இன்னும் மாவுக்கட்டோடுதான் இருக்கிறாள். அதைப் பார்த்தபிறகு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இப்படிப்பட்டவர்களைச் சும்மா விடக்கூடாது, கையில் படம் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பாவம் என்று சொல்லி, கேமராக் கேசட்டைப் பெரிய கேசட்டில் ஏற்றிக்கொண்டு வா என்று மோகனைக் கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன்.

அந்த வீடியோக்காரரின் பழக்கம் உனக்கும் தெரியும். கல்யாணமோ காதுகுத்தோ எதைக் கொடுத்தாலும் பேச்சையும் இரைச்சலையும் எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டுத்தான் தருவார், அப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பார். கோயிலுக்குப் போன படம் என்றதும் தொடக்கம் முதல் கடைசி வரை நாதஸ்வரம் போட்டுவிட்டார். வேன் பாய்ந்து வருகிறது, ராஜம் விழுகிறாள், பின்னால் கெட்டிமேளம். ஸ்டேஷனில் பார்த்தபோது ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, உங்களை மாதிரி தைரியமாக யாரும்மா வருகிறார்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்சுமணனின் லைசென்ஸைப் பிடுங்கி வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நம் கேபிள்காரர் அந்தக் கேசட்டை வாங்கி லோக்கல் சேனலில் தினமும் போட்டார், கீழே என் பேரையும் எழுதினார். காய் வாங்கப் போனால் ஜனங்கள் எழுந்து நின்று பேசினார்கள். உனக்கும் ஒரு காப்பி மாப்பிள்ளையின் சிநேகிதரிடம் கொடுத்தனுப்பினேன், நீயும் உன் ஆபீஸ்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாய்.

நீ கூப்பிட்டதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அப்பா தூங்கினார். மோகன் மாலையும் கழுத்துமாகப் பிரகாரம் சுற்றியதைப் பார்க்கலாம் என்று கேமராவையே டிவியில் மாட்டிப் போட்டேன். அதில் நாதஸ்வரம் இல்லை. கார் சத்தம், அப்பா இருமுகிற சத்தம், நான் தொணதொணக்கிற சத்தம். அப்புறம் என் குரல் கத்துகிறது, ஐயோ ஏரி ரொம்பிக் கலங்கல்ல தண்ணி வழிஞ்சு போவுது பாருங்க, நிறுத்துங்க நிறுத்துங்க, அதிதிக்கு எடுக்கணும். உடனே டயர் கிறீச்சிடுகிறது, படம் குலுங்குகிறது, அதற்கப்புறம்தான், துர்கா, வேன் வருகிறது. அதற்கப்புறம்தான். பின்னாலிருந்து ஹாரன் அடித்ததும் கேட்கிறது. நாதஸ்வரத்தோடு பார்த்தபோது அந்தக் குலுக்கல் என் கைப்பிசகு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒரு தடவையாவது வேன் முதலில் வந்துவிடாதா என்று பார்த்தேன். நிறுத்தச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. அப்பாவுக்கும் வேன் வந்ததால் பிரேக் போட்டதாகத்தான் ஞாபகம். பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லையடி, ஆனால் சொன்னது பொய். கேமராவும் எதிரே இருப்பவனை மட்டும்தான் பிடித்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் என்ன செய்தாள் என்று அதில் எங்கே தெரிகிறது.

அப்பாவை எழுப்பிக் கேட்கவைத்தேன். முதலில் கேசட்டை அழித்துவிடு என்றார், ஸ்டேஷன் கோர்ட் என்று இந்த வயதில் அலைய முடியாது என்றார். நான் புடவை மாற்றிக்கொண்டு மோகனோடு கருங்குழிக்குப் போனேன். லட்சுமணன் வீட்டில் அவர் மனைவி சந்திரம்மா என்னை அடையாளம் தெரிந்தும் வாசலில் நாற்காலி போட்டாள். டிவியில வருவீங்களே அந்தம்மாதானே என்று மட்டும் கேட்டாள், எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விடாதா என்றிருந்தது. லட்சுமணன் வந்ததும் கேசட்டில் கேட்டதைச் சொன்னேன். அவர் குதிப்பார் என்று நினைத்தேன், குதிக்கவில்லை. நானும் உங்க வண்டிய கொஞ்சம் ஒட்டிக்கினுதான் வந்தேன்மா, அது என் தப்புதான், ஆனா நேரா வுட்ருந்தா பின்சீட்ல கீற உங்க புள்ள பொழைச்சிருக்க மாட்டாரு, அதான் ரைட்ல ஒடிச்சேன் என்றார். மோகன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். என் பிள்ளையைக் காப்பாற்றியவரைத்தான் நான் ஊர் பார்க்கக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். ராஜத்தை அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம், நானோ அவள் மாவுக்கட்டைச் சொல்லி ஊரெல்லாம் பேசினேனே தவிர இன்னொரு தடவை போய்ப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து நான் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். நீ கத்தினதுக்கு நான் ஏன் பிரேக் போட்டேன், கண்ணாடியைப் பார்க்க வேண்டியது என் வேலை, நீ என்ன போய்ச் சொல்வாய் என்றார். இரண்டு பேருமே போனோம். இன்ஸ்பெக்டர் பாதி கேட்டதும் முகம் சுளித்தார், ஆனால் ஸ்டூடியோவில் குரலோடு ஏற்றிக்கொண்டு போன கேசட்டை வாங்கிக்கொண்டு அப்பாவிடம் எழுதி வாங்கினார். அப்பாவின் லைசென்ஸும் இப்போது அங்கேதான் இருக்கிறது. லட்சுமணனின் லைசென்ஸ் திரும்பி வரும் என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில்தான் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம், அங்கே நிர்வாகம் பார்க்கிற கரஸ்பாண்டென்ட்டிடம் போய்ப் பேசினேன், என்னைப் பாராட்டி மேடையில் சால்வை போட்டவரே இப்போது யோசிக்கலாம் என்று மழுப்புகிறார். விடமாட்டேன், நாளைக்கும் போவேன்.

தப்பு செய்கிறவனைப் பார்த்தால் சொல்லாதே என்று உனக்கு நான் எழுதவில்லை. ராஜம் மாதிரி இன்னொருத்தி விழக்கூடாது, பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வதற்கு முன்னால் அந்த லட்சுமணன் சொன்னதை ஒரு நிமிஷம் காதில் வாங்கியிருக்கலாம். லுங்கி கட்டின டிரைவர், நாம் கார்க்காரர்கள், கையில் வெளிநாட்டுக் கேமரா, நம் வாய்க்குத்தான் மதிப்பு என்று எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாருங்கள் இதைப் பாருங்கள் என்று தொணதொணக்காதே. அதிதிக்கு ராத்திரியில் தயிர் கொடுக்காதே. குடும்பத்தோடு தீர்க்காயுசாக, நாலு பேர் நல்லவர்கள் என்று சொல்லும்படி இருங்கள். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மறந்துவிடாதே. நான் கிளம்பும்போது சந்திரம்மா வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். பாட்டு போட்ட படத்த எல்லாரும் பாத்தாங்களேம்மா, இதையும் அதே மாதிரி போடுவாங்களா என்றாள். கேபிள்காரர் இதை யார் பார்ப்பார்கள் என்று தட்டிக்கழித்தார், நான் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன், நேற்றிலிருந்து போடுகிறார். குரலோடு இருக்கிற கேசட் ஒன்றை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். முன்னே யார் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாயோ அவர்கள் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுப் போட்டுக் காட்டு. நிறுத்தச் சொல்லிக் கத்துவது யார் என்று கேட்பார்கள். எங்க அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜா. சாரதாம்பாள்