வேப்பமரத்துச் சோடி

ஜனவரி 8
மூன்று நாளாக எங்கள் பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே ஒருத்தன் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறான். கையில் முழ நீளத்துக்குக் கேமரா. அதிகாரிகள் அனுப்பிய ஆளாகத்தான் இருக்கும். அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம் என்பது சட்டம். ஆர்டர் நெருக்குகிறது, அதனால் மிச்சப் பெண்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் திரி செருகச் சொல்கிறோம். போர்மேன் நான்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரி பொன்மணியும் அங்கேதான். ஒரு படம் போதும், சீல் வைத்துவிடுவார்கள்.

ஜனவரி 9
போய்க் கேட்டேவிட்டேன். பெயர் மகேஷ்குமாராம். விருதுநகரில் பேங்க் வேலையாம். "பருந்து சோடி சேருற நேரம் அண்ணாச்சி, அதான் படம் எடுக்குறேன்" என்கிறான். யாரிடம் கதை விடுகிறான்? அதற்கு லீவு போடுவானா ஒருத்தன்?

ஜனவரி 13
பருந்து இருப்பது நிஜம்தான். மரத்தின் பட்டுப்போன உச்சிக் கொப்பில். வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, சிவந்த கண். ஆண் பருந்து இறக்கையை மேலே தூக்கிக் காலைத் தொங்கவிட்டு மெல்ல இறங்குகிறது. பெண் கத்திக்கொண்டே கிடக்கிறது. அப்புறம் ஆண் எலியோடு வந்தது. பெண் எழும்பிப் போய், அந்தரத்திலேயே மல்லாந்து, காலால் வாங்கிக்கொண்டது. அடேயப்பா! ஆனாலும், சும்மாவா எலி கொண்டுவந்து கொடுப்பான்?

பொன்மணியிடம் சொன்னேன். "பருந்தையும் சந்தேகப்படுறீகளா? எனக்கு ஒரு பொட்டலம் சேவு வாங்கியாந்திருக்கீகளா நீங்க?" என்று சிரித்தாள்.

ஜனவரி 14
சாத்தூர்ச் சேவு வாங்கிப் போனேன். "என்ன காரியம் ஆகணும்?" என்கிறாள்!

ஜனவரி 22
மகேஷ்குமார் கேமராவைத் திருப்பிக் காட்டினான். அத்தனையும் பருந்துதான். சே, அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். மேற்கு வேலிப் பக்கம் நின்றால் கொப்பு மறைக்காது என்று நானே கூட்டிப்போய் இடம் காட்டினேன்.

பிப்ரவரி 3
சீல் வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 4
மகேஷ்குமார் போட்ட படம் போன் போனாகச் சுற்றியிருக்கிறது. மரம் முழுக்கத் தெரிகிறது. மேலே பருந்துகள் எலியை மாற்றிக்கொள்கின்றன. கீழே வெடிமருந்துத் தட்டோடு பெண்கள். பொன்மணி அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள்.

போன் பண்ணினான். "சத்தியமா கீழ பாக்கவே இல்ல அண்ணாச்சி" என்று அழுதான். படுபாவி! நடிப்பா, நிஜமா — யார் கண்டது? வாய்க்கு வந்தபடி வைதேன்.

கேட்டுக்கொண்டிருந்த பொன்மணி சொன்னாள்: "அந்தாள எதுக்கு வையிறீக? மரத்தடியில என்னைய உக்கார வச்சது அந்தாளா?"

ஒரு பொறி விழுந்திருந்தால்? கட்டினவளை நானே...

மார்ச் 9
கம்பெனி திறந்தாச்சு. முதலாளி சண்முகவேல் கூப்பிட்டார். "ஏலே சங்கிலி, ஆர்டர் அம்புட்டும் கெடக்கு. பொம்பளைகள மரத்தடிக்கு அனுப்பு."

"முடியாது முதலாளி. பொன்மணிய மட்டுமில்ல, ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படம் எடுத்தவனுக்கு எடம் காட்டுனது நீதானாமே?" என்றார்.

"ஆமா, நான்தான்" என்றேன்.