2023-ஆம் ஆண்டின் நூற்றுப் பன்னிரண்டு இரவுகள்

அனுப்புநர்
மாரென் ஒல்செவ்ஸ்கி,
முதலாமாண்டு மாணவி,
கல்லூரி விடுதி, அறை 214,
வினோனா, மினசோட்டா.

பெறுநர்
ஆய்வு அலுவலர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்,
செயின்ட் பால், மினசோட்டா.

பொருள்: 2023-ஆம் ஆண்டுக்கு என் தாயும் தந்தையும் தனித்தனியே என்னைத் தம் வரிப் படிவத்தில் காட்டியது – நான் உறங்கிய வீடுகள் பற்றிய உண்மை – முடிவுக் கடிதத்தை மூன்று வாரம் நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1. டேல் ஒல்செவ்ஸ்கி, ரோண்டா ஹெல்கசன் இருவருக்கும் பிறந்த ஒரே பிள்ளை நான். என் ஒன்பதாம் வயதில் அவர்கள் மணவிலக்குப் பெற்றனர். ஒரு வாரம் தாயிடம், மறு வாரம் தந்தையிடம் என்பது நீதிமன்ற ஏற்பாடு. ஆண்டு முடிவில் யார் வீட்டில் அதிக இரவுகள் இருந்தேனோ அவர் என் பெயரைப் படிவத்தில் எழுதி வரிச் சலுகை பெறுவார்; ஒருவர் மட்டுமே அப்படி எழுதலாம். எட்டு ஆண்டுகள் இதில் சண்டை வந்ததில்லை.

2. 2023-க்கான படிவத்தில் இருவருமே முதலில் என் பெயரை எழுதவில்லை. நான் மற்றவரிடம்தான் அதிகம் இருந்தேன் என்று ஒவ்வொருவரும் நம்பினர். கடந்த செப்டம்பரில் கல்லூரி உதவித்தொகைக்காகக் கேட்டபோதுதான் அது தெரிந்தது. மற்றவர் எழுதவில்லையென்றால் தம்மிடம்தான் அதிகம் இருந்திருப்பேன் என்று எண்ணி, இருவரும் பதறிப்போய்த் திருத்திய படிவம் அனுப்பினர். அதனால்தான் உங்கள் அலுவலகம் இருவரிடமும் சான்று கேட்டிருக்கிறது.

3. என் முகவரி தம் வீடுதான் என்று தாயார் பல் மருத்துவரிடம் கடிதம் வாங்கியிருக்கிறார். என்னைத் தினமும் பார்த்ததாகத் தந்தையின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தாயார் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தந்தையுடன் பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பகல் பூரா தூங்குற ஆளு, வீட்ல யார் இருந்தா யார் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தாயார். "கைக்குழந்தை வந்ததும் இவள சோஃபாவுல தூக்கிப் போட்ட. இப்ப ஃபாரத்துல எழுத மட்டும் பொண்ணு வேணுமா?" என்றார் தந்தை. இருவருமே மற்றவர் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள். பொய் சொன்னது நான்.

4. அந்த ஆண்டு தாயாருக்கு மறுமணத்தில் குழந்தை பிறந்தது. என் அறையைக் குழந்தைக்குக் கொடுத்தது நியாயமே; கேட்டபோது சரி என்றேன். தந்தையோ இரவு வேலைக்குப் போய்விடுவார். ஆளில்லாத அந்த வீட்டில் என்னால் உறங்க முடியவில்லை. என் வகுப்புத் தோழி ஷெங் தாவின் வீட்டு நிலவறையில் ஒரு மெத்தை காலியாக இருந்தது. தாயாரிடம் அப்பா வீட்டில் இருப்பதாகவும், தந்தையிடம் அம்மா வீட்டில் இருப்பதாகவும் சொன்னேன். "சரிம்மா, அவர் கூடவே இரு, அவருக்கும் ஆசையா இருக்கும்" என்று தாயார் குறுஞ்செய்தி அனுப்புவார். ஷெங்கின் தாயார் ஒருமுறை, "உங்க அம்மாவுக்குத் தெரியுமாடி?" என்று கேட்டார். "தெரியும் ஆன்ட்டி" என்றேன். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. அன்புகூர்ந்து அவரை விசாரணைக்கு அழைக்க வேண்டாம்.

5. எங்கே உறங்கினேன் என்பதைப் பள்ளி நாட்குறிப்பில் பென்சிலால் ஓர் எழுத்தாகக் குறித்து வந்தேன். யாரிடம் என்ன சொன்னேன் என்று குழம்பாமல் இருப்பதற்காக. தந்தை வீடு 131 இரவுகள். தாய் வீடு 122. தாவ் வீடு 112.

6. பிள்ளை தோழி வீட்டில் உறங்கிய இரவு, அன்று அவள் எந்தப் பெற்றோரிடம் இருந்திருக்க வேண்டுமோ அவருக்கே சேரும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. அந்த வரியைப் பலமுறை படித்தேன். நூற்றுப் பன்னிரண்டில் 48 இரவுகள் தந்தையின் வாரத்தில் வந்தவை. 64 தாயாரின் வாரத்தில். அப்படிப் பார்த்தால் தந்தைக்கு 179, தாயாருக்கு 186. என் தாயார் கோருவது சரி. ஆனால் அவரை விட்டு நான் விலகியிருந்த இரவுகளே அவருக்கு அந்த உரிமையைத் தருகின்றன. இதை விளக்காமல் உங்களால் முடிவு எழுத முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது.

7. ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. 2023-க்கு என் பெயர் தாயாரின் படிவத்தில் இருக்கலாம் என முடிவு செய்யுங்கள். தந்தை நேர்மையாக நம்பித்தான் எழுதினார், அவருக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். அடுத்து, மார்ச் 24 வரை இருவருக்கும் கடிதம் அனுப்பாதிருங்கள். இதை அவர்கள் ஓர் அலுவலகத் தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. தந்தையிடம் அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்பார். அறுபத்து நான்கு என்ற எண்ணைத் தாயாரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த மூன்று வாரங்களைக் கேட்பது அதற்காகத்தான்.

இணைப்பு: நாட்குறிப்பின் படிகள், 53 பக்கங்கள்.

இடம்: வினோனா
நாள்: 3 மார்ச் 2025

பணிவுடன்,
(கையொப்பம்)
மாரென் ஒல்செவ்ஸ்கி