பத்து மாதம் வைத்திருந்த தோல்

ஹெப்பாள், மைசூர்
12.11.1997

அன்பு மகன் அருண்ராஜுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலியும் அவரைப் பிரியாமல் நலமாக இருக்கிறது. உன் உடம்பு அந்த ஊர்க் குளிருக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். மோகனப்ரியாவை உனக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், தை மாதம் கல்யாணம். ஆனால் நடுவில் ஒரு வாரம் இந்தச் சம்பந்தம் முறிந்து கிடந்தது. அதற்குக் காரணம் உன் அம்மாதான். அதை ஒளிக்காமல் எழுதத்தான் இந்தக் காகிதம்.

போன வருடம் நீ லீவில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனதும், பெண்ணின் அம்மா வடிவு, மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்டாள். மனிதத் தோலை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறோம், தீக்காயம் பட்டவர்களுக்குப் போடுவதற்காக அதை உறையவைத்துப் பாதுகாப்பது என் வேலை என்று நீ எனக்கு எத்தனை தடவை விளக்கியிருக்கிறாய். என் வாயில் அது வரவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டேன். இங்கே யார் வீட்டுப் பிள்ளை அமெரிக்கா போனாலும் கம்ப்யூட்டர்தான், அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு ஹனூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நீ அனுப்பிய புதுப் போட்டோவையும் வடிவு கையில் கொடுத்தேன். முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு, புகை கிளம்பும் ஒரு தொட்டியிலிருந்து தட்டு ஒன்றை எடுக்கிறாயே, அந்தப் போட்டோ. கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க இப்படிப் புகை விடுவார்கள் என்று நானாக ஒரு விளக்கம் வேறு. போட்டோவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பாவி எனக்குத் தோன்றவில்லை. நீ அங்கே முத்து முத்தாக எழுதியிருந்தாய்: ‘பத்து மாதம் வைத்திருந்த மனிதத் தோல். இன்று எடுத்துப் பார்த்தோம், உயிரோடு இருக்கிறது.’

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. வடிவு என்னிடம், ஏனுங்க, பொணத்துத் தோலை உரிச்சுப் பொட்டியில வெக்கற பையனுக்கா எங்க புள்ளையக் கேட்டீங்க, இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். நீ எழுதும் கடிதத்தில் என் ரத்தக் கொதிப்புக்கு இரண்டு வரி, மோகனப்ரியாவுக்கு ஒரு பக்கம். உனக்கு என்னவென்று எழுதுவேன்? ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டு அழுதேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கெளம்பு, நேர்ல போயி உள்ளதைச் சொல்லலாம் என்றார். அவர் மாட்டாஸ்பத்திரியில் பசுக்களுக்குப் போடும் சினை ஊசிக் குச்சிகளை, அதுதான் காளை விந்தை, திரவ நைட்ரஜனில் உறையவைத்திருக்கும் கேனையும் கையில் தூக்கிக்கொண்டார்.

எல்லோரும் சம்பந்தி வீட்டுக்குப் பூ பழத்தோடு போவார்கள், நாங்கள் சினை ஊசிக் கேனோடு போனோம். வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு மானம் போயிற்று. அங்கே போனதும் உன் அப்பா, உனக்கு மாமனாராகப் போகும் கந்தசாமி முன்னால் ஒரு போசியில் அந்தத் திரவ நைட்ரஜனை ஊற்றி, புகை கிளம்பக் கிளம்ப, சாமி படத்தில் இருந்த செவந்திப் பூவை வாங்கி முக்கி எடுத்து விரலால் தட்டினார். பூ கண்ணாடிபோல் நொறுங்கிவிட்டது. வடிவு இரண்டடி பின்னால் போய்விட்டாள். காரியத்தைக் கெடுத்துவிட்டாரே மனுஷன் என்று நினைத்தேன். அவர் பதறவில்லை. சும்மா முக்குனா இப்பிடித்தானுங்க நொறுங்கும், அதனால எம் பையன் தோலுக்கு ஒரு மருந்துத் தண்ணி குடுத்து மெதுவாக் குளுர வெப்பான், எடுக்கறப்ப வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில சட்டுனு இளக வெப்பான், எங்க குச்சிக்கும் அதே பக்குவந்தான், பொணமெல்லாம் இல்லீங்க, உசுரோட இருக்கறவங்க சம்மதிச்சுக் குடுத்த தபால்தலை அளவு தோல வளர்த்து எடுக்கறது என்றார். வடிவு அந்த இரண்டடியும் முன்னால் வந்தாள். ஒரு கரண்டி மோரைப் பெரை ஊத்துனா சட்டிப் பாலும் தயிராகுதே, அப்பிடியுங்களா அண்ணா என்றாள். அப்படியேதான் அம்மா என்றார் உன் அப்பா.

கந்தசாமி எழுந்து கொட்டகைக்குப் போய் ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். உன் அப்பா கொள்ளேகாலத்தில் வேலை பார்த்தபோது போட்ட ஊசியில் பிறந்ததாம். வடிவைப் பார்த்து, ரெண்டு வருசம் பனியாக் கெடந்த குச்சியில இது பொறந்துச்சு, இதோட பாலத்தான் நாளைக்கு நீ கறக்கப்போற, தோல் மட்டும் எப்பிடித் தீட்டாகும் என்று கேட்டார். வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்து, எல்லாஞ் சரிங்க, என்னத்துக்குப் பொய் சொன்னீங்க என்றாள். நான் தலைகுனிந்து நின்றேன். அப்போதுதான் மோகனப்ரியா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவரு எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டாரும்மா, அத்தை கம்ப்யூட்டர்னதும், அவங்க சபையில பொய்க்காரியாக வேண்டாம்னு நான் பேசாம இருந்துட்டேன் என்றாள். ஒரு வருடமாக என் பொய்யை அந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள் கண்ணு. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், வடிவும் அழுதாள், உன் அப்பா மட்டும் கேன் மூடியைச் சரியாக மூடியிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று மண்டி மொஹல்லா அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அச்சகத்துக்காரர் உன் பெயருக்குக் கீழே கம்ப்யூட்டர் என்ஜினியர், அமெரிக்கா என்று எழுதிவிட்டார். அதை அடித்துவிட்டு நானே எழுதிக் கொடுத்தேன், ‘தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் வளர்த்துப் பாதுகாப்பவர்’ என்று. அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, நிஜானா அம்மா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், என் மகன்தான் என்றேன்.

மாதேஸ்வரன் உன்னையும் அவளையும் நூறு வயதுக்குக் காக்கட்டும். கையுறை இல்லாமல் அந்தத் தொட்டியில் கை விடாதே, உன் அப்பாவின் இடது கட்டைவிரல் வடு ஞாபகம் இருக்கட்டும். தை பிறப்பதற்குள் வந்து சேர். இனி போட்டோ அனுப்பினால் பின்னால் என்ன வேண்டுமானாலும் எழுது, எல்லோருக்கும் நானே படித்துக் காட்டுகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா சென்னம்மா லிங்கப்பன்