முந்தி அடித்த நகரா

கஹவத்தை,
நோன்பின் நடுப்பத்து,
நவம்பர் 2003.

என் செல்ல மகன் ஆகிலுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். எப்போதும் உன் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் சுகத்தை எழுதுவேன், இம்முறை மாற்றி எழுதுகிறேன், கோபிக்காதே. வாப்பாவும் நானும் உன் தங்கச்சி றமீலாவும் அவள் வயிற்றிலிருக்கிற பிள்ளையும் இந்த நிமிஷம் வரைக்கும் உயிரோடும் கைகால் சுகத்தோடும் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி, பாதியில் எழுந்து ஓடாதே. டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது. உன்னோடு வேலை செய்கிற ஹலீம் லீவு முடிந்து நாளைக்கு டோஹாவுக்குத் திரும்புகிறான், பாதை உடைந்த இடத்தை நடந்து கடந்துபோய் அந்தப் பக்கம் பஸ் பிடிப்பானாம், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்லும் வாய், அதனால் அவன் சொல்வதைக் கேட்கும் முன் இதைப் படித்துவிடு.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையைப் பற்றி நான் போன கடிதத்திலேயே எழுதினேன். மே மாதத்து வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரிப் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து மழை பெய்தால் நான் பின்பக்கம் போய் மலையைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். உன் கல்யாணத்துக்கென்று வாப்பா மலையை வெட்டிக் கட்டினாரே பின் அறை, அதற்கு மேலே றப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு வெடிப்பு, என் கை நுழைகிற அகலம். அவருக்குக் காட்டினேன். "நெலம் காஞ்சா வெடிக்கும்தானே, நீ என்னத்துக்கு புள்ள இப்பிடிப் பயப்புடுறாய்" என்றார். காய்வதற்கு எங்கே வெயில் அடித்தது என்று கேட்டேன், கடைக்குப் போய்விட்டார். உன் வாப்பாவுக்குப் பதில் இல்லாவிட்டால் கடையில் வேலை வந்துவிடும், உனக்குத் தெரியாததா.

நோன்பு தொடங்கிய கையோடு மழை விடாமல் பிடித்தது. கீழ்ப் பாதையில் மண் சரிந்து லைட் கம்பம் இரண்டாக முறிந்துபோனதில் ஊருக்கே கரண்ட் இல்லை. றமீலாவின் மாப்பிள்ளை எம்பிலிப்பிட்டியில் அகப்பட்டுக்கொண்டான், வர வழியில்லை. ஆனால் மகன், உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நாட்கள் ஒரு விதத்தில் நன்றாகவும் இருந்தன. அரிக்கன் லாம்பைப் பரணிலிருந்து இறக்கிச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். கிரைண்டர் இல்லாததால் கஞ்சிக்குத் தேங்காய் அம்மியில் போனது, குசினி விறகடுப்பில் ரம்பை இலையும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சின அந்தக் கஞ்சியின் ருசியை எழுத்தில் எழுத முடியாது, நீ வந்து குடித்துப் பார். ஒரே சஹன் தட்டில் மூன்று பேரும் கை போட்டுச் சாப்பிட்டோம், கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தோம், வாப்பா பற்றரி றேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கஸீதாப் பாட்டு கேட்டார். டீவி இருந்தால் இந்த மனுஷன் எங்களோடு இவ்வளவு பேசியிருக்கவும் மாட்டார். யா அல்லாஹ், இருக்கிறதைக் கொண்டு இப்படி நிறைவாக இருக்க வைத்தாயே என்று தொழுகையில் நான் அழுததும் உண்டு. அழுகையில் பாதி நன்றி, பாதி பயம். மழை தகரத்தில் விழும் சத்தம் கூடினால் கையிலிருக்கிற சோறு அப்படியே நின்றுவிடும்.

ஓடைக்கு அக்கரையில் இருக்கிற பள்ளிவாசலில் ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை, பாங்கு ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்காது. அப்போதுதான் வாப்பாவுக்குப் பள்ளி மேல்மாடியில் தூசு படிந்து கிடந்த நகரா முரசின் ஞாபகம் வந்தது. தோலை அனலில் காட்டி இறுக்கி, தானே நோன்பு திறக்கிற நேரம் அடிப்பேன் என்று மௌலவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள் அது டும் டும் என்று இந்தக் கரைக்குக் கேட்டபோது பெண்டுகள் எல்லாரும் வாசலுக்கு வந்து சிரித்தோம். அவருக்குச் சின்னப் பிள்ளையாகிவிட்ட சந்தோஷம். பின்னேரம் அஸர் தொழுதால் மனுஷனுக்கு வீடு ஞாபகம் வராது, நகராவுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பார்.

போன புதன்கிழமை நடந்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன். பகல் முழுக்க ஊற்றிவிட்டு மழை கொஞ்சம் விட்டிருந்தது, வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது, மணிக்கூடு ஈரத்தில் நின்றுபோய் இரண்டு நாள். நான் உன் அறையில் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன், றமீலா கால் வீக்கத்தோடு அங்கேயே சாய்ந்திருந்தாள். நகரா கேட்டது. மற்ற நாளில் நிதானமாக விழுகிற அடி அன்றைக்கு மூச்சு விடாமல் விழுந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "இண்டைக்கு ஒங்கட வாப்பாக்குப் பசி கூட போலீக்குது" என்றேன். றமீலாவும் சிரித்தாள். எழும்பு புள்ள, நோன்பு திறப்போம் என்று அவளைக் கைபிடித்து முன் மண்டபத்துக்குக் கூட்டிவந்தேன், பாயில் இருந்து துஆ ஓதி, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். நகரா நிற்கவில்லை. நான் கஞ்சிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம். இடி என்று நினைத்தேன், ஆனால் இடி மேலே கேட்கும், இது காலுக்குக் கீழே கேட்டது. குசினிக் கதவு தானாகத் திறந்து சேறு உள்ளே வந்தது. றமீலாவை இழுத்துக்கொண்டு முன் வாசலால் ரோட்டில் விழுந்தேன் என்பதுதான் எனக்குத் தெரியும், எப்படி விழுந்தேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் உன் அறை இல்லை, குசினி இல்லை, றப்பர் மரங்கள் நின்றபடியே வந்து நம் முற்றத்தில் நிற்கின்றன. ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு நனைந்து வாப்பா ஓடிவந்தார், தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. நான் இன்னும் கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அதைப் பார்த்ததும் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பள்ளி வராந்தாவிலிருந்து பார்த்தபோது மலையில் ஒரு வரிசை மரம் மட்டும் கோணலாக நகர்ந்ததாம், ஓடிவந்து சொல்ல நேரம் போதாது என்று நகராவில் பாய்ந்து அடித்தாராம். "நான் ஒங்கள ஓடச் செல்லி அடிக்கிறன், நீ குந்திக்கொண்டு கஞ்சியா குடிச்சாய்" என்று ஏசிக்கொண்டே அழுதார். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்ததாம்.

இப்போது மத்ரசா மண்டபத்தில் எங்களைப் போல நாலைந்து குடும்பம் இருக்கிறோம். தோட்டத்து லய வீடுகளிலிருந்து கருப்பாயி, நம் கடைக்கு வருவாளே கொழுந்து எடுக்கிறவள், நனையாத சேலை இரண்டையும் ஒரு கம்பளியையும் தலையில் வைத்துக்கொண்டு மழையோடு வந்து றமீலாவுக்குப் போர்த்திவிட்டாள். "புள்ளத்தாச்சிக்குக் குளுரு ஆகாதுங்கம்மா, தீவாளிக்கு எடுத்த சேலைங்க, ஒரு தடவதான் கட்டுனேன்" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மருத்துவிச்சி வந்து பார்த்துப் பிள்ளை துடிக்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன். ஆனால் பயம் போகவில்லை மகன், கூடியிருக்கிறது. கரண்ட் வராததால் நோன்பு திறக்க இன்னும் நகராதான், இப்போது மௌலவி அடிக்கிறார், வாப்பா கிட்டவும் போவதில்லை. அது கேட்டதும் இங்கே ஒருத்தரும் பேரீச்சம்பழத்தில் கை வைப்பதில்லை, எல்லாரும் முதலில் எழும்பிப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்துதான் வாயில் போடுகிறோம்.

ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று மே மாதமே வாப்பா சொல்லித் தந்திருந்தார், குசினிக் கதவால் வெளியேறிப் பின்பக்கப் படியால் தோட்டத்துப் பாதைக்கு ஏற வேண்டும் என்று. அந்த நகரா ஆபத்துக்கு அடிக்கிறது என்று எனக்கு விளங்கியிருந்தால், ஓடை பெருகுகிறது என்று நினைத்து நான் றமீலாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில்தான் ஏறியிருப்பேன். அந்தப் படி இப்போது எங்கே என்றே தெரியாது. இதை நான் வாப்பாவிடம் சொல்லவில்லை, அவர் தாங்க மாட்டார், நீயும் சொல்லாதே. முன் மண்டபம் நிற்கிறதுதானே, பெருநாளை அங்கேயே எடுப்போம் என்று நேற்று ஆரம்பித்தார். நீங்கள் போங்கள், நானும் மகளும் வரமாட்டோம் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். போய்ப் படுத்துக்கொண்டார். நீ பெருநாளைக்கு வரும்போது அவர் உன்னிடம் கேட்பார், ஓம் என்று மட்டும் சொல்லிவிடாதே. அறை போனதற்காகக் கவலைப்படாதே, நேரே மத்ரசாவுக்கு வா, பாய் இருக்கிறது.

விடியமுன் சஹர் சாப்பிடாமல் தேத்தண்ணீரோடு படுக்கிற பழக்கத்தை விடு, வெயிலில் வேலை செய்கிற உடம்பு. ஹலீமிடம் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன், அவன் வழியில் தின்னாவிட்டால் உனக்குக் கிடைக்கும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உன் கைக்குப் பறக்கத்தையும் தரட்டும், உன் தங்கச்சியின் பிரசவம் லேசாக நடக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேள். நேரம் வருமுன் வாயில் போட்டதால் அந்த நோன்பு செல்லாது, பெருநாள் முடிந்து களாச் செய்துகொடுக்க வேண்டும் என்று மௌலவி சொன்னார். றமீலா பிரசவத்துக்குப் பிறகு பிடிப்பாள், நான் பெருநாள் கழிந்த உடனேயே பிடிப்பேன். ஒரு நோன்பைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை, அதைப் பிடிக்க உயிர் இருக்கிறதே மகன்.

உன்னைப் பெற்ற உம்மா,
ஸுலைஹா.