தங்கச்சி வாசல்வரை கொதிக்காத கார்

மே 6, செவ்வாய்
காலையிலேயே அனல். கடல் காற்றைக் காணோம். ஹஜ்ஜுக்குப் போகுமுன் எல்லாரிடமும் பிழை பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்டு முடிந்தது. மிச்சம் இறக்காமத்துத் தங்கச்சி ஒருத்தி. மன்னிப்பு நான் கேட்க வேண்டுமாம். பேசினது அவள்.

என் மகளின் கலியாணச் சோறு நடந்த அன்று. என்னோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்து, ஈரல் துண்டை வாயில் போட்டபடி: "இந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஆணி அடிக்க ஏலுமா ராத்தா?" அந்த ஈரலும் என் பக்கத்துத் துண்டு.

இன்று அவளிடம் போக மருமகனின் காரில் புறப்பட்டோம். சம்மாந்துறை தாண்டவில்லை, பொனட்டால் ஆவி. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஆற வைத்து, ஆற வைத்து வீடு திரும்பினோம்.

மே 7, புதன்
மருமகன் முற்றத்தில். கறுப்புக் கண்ணாடி வேறு. ஃபேனுக்கான பியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டார். அதுவும் எரிந்தது.
"பெரிசாப் போட்டா எரியாது மாமி."
பியூஸ் எரியவில்லை. வயர் எரிந்தது. பிளக் உருகிக் களி. நாற்றம், காய வைத்த கருவாட்டையும் மிஞ்சி.
மகள்: "அவர் பாத்துக்குவார் உம்மா."
பார்த்துக்கொண்டுதான் நின்றார்.
மருமகனை முகத்துக்கு நேரே ஏசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் இங்கே: உதவாக்கரை.
இந்தக் கார் அவள் வாசலில் ஆவி கக்கினால் அவள் சொன்னது சரியாகிவிடும். மக்காவிலும் எனக்கு நிம்மதி இருக்காது. பஸ்ஸில் போனால் "கார் எங்க?" என்பாள்.

மே 8, வியாழன்
மருமகன் வேலைக்குப் போனதும் வயரிங் மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டேன். ஃபேனை நேரே பற்றரியில் தொட்டுப் பார்த்தார். முனகி முனகிச் சுற்றியது.
"மோட்டர் இறுகிட்டு உம்மா. கரண்டக் கூட இழுக்கிது, அதான் பியூஸ் எரிஞ்சிரிக்கி. பெரிசு போட்ட ஆரு?"
"தெரியா மகன்."
ஃபேன், பிளக், வயர் எல்லாம் புதிது.
பின்னேரம் மருமகன் வந்து ஸ்டார்ட் பண்ணினார். பொனட்டைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரைந்தது.
"பாத்தீங்களா மாமி, நேத்து நான் செஞ்சது இப்பதான் புடிச்சிரிக்கி."
ஓம் என்றேன்.

மே 10, சனி
இறக்காமம். கொதிக்கவில்லை. தங்கச்சி முதலில் காரைப் பார்த்தாள், பிறகு என்னை.
"கார் பழுதெண்டாங்க. ஆரு ராத்தா திருத்தின?"
"மருமகன்தான்."
அவர் தலையாட்டினார், வெட்கமில்லாமல்.
பொருத்தம் கேட்டேன். அழுதாள், தந்தாள். சோறு வைத்தாள். சஹனில் ஈரலை எல்லாம் என் பக்கம் தள்ளினாள். அப்போ அவளுக்கும் மறக்கவில்லை.
இந்தப் பொய்க்கு இன்னொருக்கா போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். மாட்டேன்.