வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நாலு மாதமாக இடது விரைப் பக்கம் வீக்கம். வலி பெரிதாக இல்லையே என்று லேத் பட்டறையில் நின்றபடியே நாளைக் கடத்திவிட்டேன். இப்போது டாக்டர், புற்றுநோயாக இருக்கலாம், பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்கிறார்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல், ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஸ்கேன் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் போய் இதைக் காட்டுகிறோமே என்று கூசுகிறது.

உன் தம்பி

மார்ச் 8

என் தங்கத் தம்பிக்கு,

உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவளிடம் என்னடா கூச்சம்? பதினெட்டு வருடமாக ஸ்கேன் அறையில் இதைத்தானே பார்க்கிறேன்.

படங்களை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். விரை நன்றாகவே இருக்கிறதாம். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள்குழாய்தான் தடித்து, திட்டுத் திட்டாகத் தெரிகிறது. "டி.பி.யா இருக்கலாம். அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது" என்றார். டி.பி. நுரையீரலோடு நின்றுவிடும் என்று நினைக்காதே.

படம் சந்தேகத்தைத்தான் காட்டும். மூன்று நாள் காலைச் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடு. ரத்தப் பரிசோதனை, கிட்னி ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடு. எங்கள் டாக்டர் எழுதிய சீட்டை உன் டாக்டரிடம் காட்டு.

உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. நீயே சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

டி.பி.தான். சிறுநீரில் கிருமி இருந்தது. இடது கிட்னியிலும் சின்னத் தழும்பு. சீட்டைப் படித்ததும் டாக்டரே ஆபரேஷனைத் தள்ளிவைத்திருந்தார். ஆறு மாதம் மாத்திரை. அந்த மாத்திரையால் சிறுநீர் செங்கல் நிறத்தில் போகிறது. முதல் நாள் பயந்தே போனேன்.

அவள் அம்மா வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கா என்னைத் துரத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். மூன்று நாள் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் கையில் வைத்தாள்.

உன் தம்பி

அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கடைசி ஸ்கேன். வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் அந்தப் பக்கக் குழாய் அடைத்துக்கொண்டதாம். மறுபக்கமும் பாதித்திருக்கலாம், குழந்தை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நானும் அவளும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "வேணும்னா நீ வேற கல்யாணம்..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ் வந்துடுச்சு, ஏறுங்க" என்றாள்.

ஏறினேன், அக்கா.

உன் தம்பி